ஜேமார்ஸ்: கோள்களின் எரிமலைகளை அளந்து பார்க்க ஒரு இலவச மென்பொருள்

செவ்வாயில் இருக்கும் ஒலிம்பஸ் மான்ஸ் சூரியக் குடும்பத்திலேயே மிகப் பெரிய எரிமலை, எவரெஸ்ட்டைப் போல இரண்டரை மடங்கு உயரம் என்று பள்ளிப் புத்தகம் தொடங்கி யூடியூப் வரை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் யாருக்கும் வானத்தைக் குத்தும் ஒரு கூர்மலைதான் மனதில் வரும். ஜேமார்ஸில் அந்த மலையைத் திறந்து, முப்பரிமாணக் காட்சியில் உயரத்தைப் பெருக்கிக் காட்டும் எண்ணை 1 என்று வைத்துப் பாருங்கள். கூர்மலை இருந்த இடத்தில் அகலமான, மெல்லத் தூக்கிய ஒரு மேடு கிடக்கும். உயரம் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர்தான், ஆனால் அகலம் 600 கிலோமீட்டர். சரிவு சராசரியாக 5 டிகிரி, நம் ஊர் மலைப்பாதையில் பஸ் முனகிக்கொண்டு ஏறுமே அந்த ஏற்றம், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த மென்பொருளைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. கோள்களைப் பற்றி நாம் பார்ப்பதெல்லாம் படம். படம் அழகாக இருக்கும், ஆனால் எரிமலை என்பது முதலில் உயரமும் சரிவும். அதை நாமே அளந்து பார்க்க வசதி செய்து தரும் இலவசக் கருவிகளில் நான் பயன்படுத்தியவற்றில் இதுதான் சிறந்தது.

சரி, இது என்ன? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செவ்வாய் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. 2001-ல் கிளம்பிய மார்ஸ் ஒடிசி விண்கலத்தில் இருக்கும் தெமிஸ் என்ற வெப்பக் கேமராவை அவர்கள்தான் நடத்துகிறார்கள், பிலிப் கிறிஸ்டென்சன் அதன் தலைமை விஞ்ஞானி. அந்தக் கேமரா அடுத்து எந்த இடத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று திட்டமிடுவதற்காக அவர்கள் எழுதிய மென்பொருள்தான் ஜேமார்ஸ். 2003-ல் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். பெயரில் செவ்வாய் இருந்தாலும் இப்போது நிலா, புதன், வெள்ளி, வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள், சனியின் நிலாக்கள், சீரீஸ், வெஸ்டா, புளூட்டோ என்று ஒரு பெரிய பட்டியலே இதில் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது. கணக்கு தொடங்காமல் விருந்தினராகவே உள்ளே போகலாம்.

முதலில் திறந்ததும் மிரண்டுவிட வேண்டாம். இது விஞ்ஞானிகள் வேலை செய்யும் மேசை, காட்சிக்காகச் செய்தது இல்லை. திரையின் ஒரு பக்கம் லேயர்களின் பட்டியல், இன்னொரு பக்கம் வரைபடம், மேலே பட்டன்கள் வரிசையாக. ஒரு லேயர் என்பது ஒரு வகை வரைபடம்: உயரம், படம், வெப்பம், தாது, இடப்பெயர்கள், எதுவாகவும் இருக்கலாம். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இருப்பதைக் கொஞ்சம் கண்ணாடி மாதிரி ஆக்கி, கீழே இருப்பதைப் பார்க்கலாம். உயரத்தின் நிறங்களை வெப்பப் படத்தின் மேல் மெல்லப் பூசினால் மலையும் தெரியும், லாவா ஓடிய தடமும் தெரியும். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாலைப் பொழுது போதும், மற்றவை தானாக வரும்.

செவ்வாயில்தான் இந்த மென்பொருளின் முழு பலமும் தெரிகிறது, ஏனென்றால் அங்கே தரவு கொட்டிக் கிடக்கிறது. மோலா என்று ஒரு லேசர் உயரமானி, மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலத்தில் போனது. வினாடிக்கு 10 முறை லேசரைத் தரையில் அடித்து, திரும்பி வர எடுத்த நேரத்தை வைத்து உயரம் கணித்தது. 1999-ல் இருந்து 2001 வரை இப்படி 60 கோடிக்கும் மேற்பட்ட அளவுகள். அந்த அளவுகளில் இருந்து செய்த உயர வரைபடம்தான் ஜேமார்ஸில் நீங்கள் போடும் கோட்டுக்கு அடியில் இருக்கிறது. ப்ரொஃபைல் கருவியை எடுத்து, ஒலிம்பஸின் தென்கிழக்கு அடிவாரத்தில் தொடங்கி உச்சியைக் கடந்து வடமேற்கே முடியும்படி கோடு வரையுங்கள். தரை எப்படி ஏறி இறங்குகிறது என்று தனியாக ஒரு வரைகோடு வரும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வரைகோட்டில் பக்கவாட்டு அளவும் மேல்நோக்கிய அளவும் ஒன்றாக இருக்காது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்தையும் 20 கிலோமீட்டர் உயரத்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துக் காட்டும், அதனால் மலை செங்குத்தாகத்தான் தெரியும். உருவத்தை நம்பாமல் எண்களைப் படியுங்கள். எத்தனை கிலோமீட்டர் போனதும் எத்தனை மீட்டர் ஏறியிருக்கிறது என்று பார்த்து வகுத்தால் சரிவு கையில் வந்துவிடும். நான் பழக்கிவிடும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது இதைத்தான்.

அதே கோட்டில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரியும். ஒன்று உச்சியில் இருக்கும் பள்ளம். கால்டெரா என்பார்கள், அடியில் இருந்த பாறைக் குழம்பு வடிந்து போனதும் மேல்தளம் உள்ளே சரிந்து உண்டாவது. ஒலிம்பஸில் ஆறு பள்ளங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன, மொத்த நீளம் 80 கிலோமீட்டர் அளவுக்கு, ஆழம் 3 கிலோமீட்டர். ஆறு முறை சரிந்திருக்கிறது என்றால் ஆறு முறை அடியில் குழம்பு நிரம்பி வடிந்திருக்கிறது, எது முதலில் எது கடைசியில் என்று வெட்டும் விளிம்புகளைப் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாவது மலையின் ஓரம். அதுவரை சாந்தமாக இறங்கிக்கொண்டிருந்த சரிவு திடீரென்று ஒரு பாறைச் சுவராக விழுகிறது, சில இடங்களில் 8 கிலோமீட்டர் வரைக்கும். மலையைச் சுற்றி இப்படி ஒரு சுவர் இருப்பதற்குக் காரணம் பெரும் நிலச்சரிவுகள் என்பதே பரவலான கருத்து. அடிவாரத்துக்கு வெளியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் கரடுமுரடான நிலத்தையும் ஜேமார்ஸில் பார்க்கும்போது அது மனதில் உட்காருகிறது.

இவ்வளவு பெரிய மலை ஏன் அங்கே மட்டும்? ஹவாயில் பூமிக்கு அடியில் இருந்து சூடான பாறை ஒரே இடத்தில் மேலே வந்துகொண்டிருக்கிறது, ஆனால் மேலே பசிபிக் தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு எரிமலை வளர்ந்து முடிவதற்குள் அந்த இடத்தைத் தாண்டிவிடுகிறது, அடுத்தது தொடங்குகிறது, அப்படித்தான் தீவு வரிசை. செவ்வாயில் மேலோடு அப்படி நகரவில்லை. ஒரே இடத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் லாவா குவிந்தது. ஈர்ப்பும் பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான் என்பதால் மலை தன் எடையிலேயே அமிழ்ந்துபோகாமல் நின்றது.

ஒலிம்பஸோடு நிறுத்திவிடாதீர்கள். ஜேமார்ஸைப் புதிதாகத் திறக்கும் யாருக்கும் நான் காட்ட விரும்புவது அதற்கு வடகிழக்கே இருக்கும் ஆல்பா மான்ஸ். சாதாரணப் படத்தில் அங்கே ஒரு மலை இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. உயர லேயரைப் போட்டதும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அகலமான ஒரு வீக்கம் எழுந்து வருகிறது, உயரம் 7 கிலோமீட்டருக்கும் குறைவு, சரிவு பெரும்பாலும் 1 டிகிரி கூட இல்லை. அதன் மேல் நிற்கும் ஒரு மனிதருக்கு மலையில் இருக்கிறோம் என்றே தெரிய வழியில்லை, செவ்வாயின் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தண்ணீராக ஓடும் லாவா வெகுதூரம் பரவி உறைந்தால்தான் இப்படி ஒரு மலை உண்டாகும். படத்தில் இல்லாத ஒரு மலை உயரத்தில் இருக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்ப்பது எனக்கு இன்னமும் அலுக்கவில்லை.

அப்புறம் தார்சிஸ் மேட்டின் மூன்று எரிமலைகள், ஆர்சியா, பவோனிஸ், அஸ்க்ரேயஸ், ஒரே நேர்கோட்டில். ஆர்சியாவில் ஸ்டாம்ப் என்ற வசதியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஸ்டாம்ப் என்றால் விண்கலங்கள் எடுத்த தனித்தனிப் படங்களின் கட்டங்கள். ஒரு இடத்தைத் தேர்ந்தால் அங்கே எந்தக் கேமரா எப்போது எடுத்த படங்கள் இருக்கின்றன என்று கட்டம் கட்டமாகக் காட்டும், வேண்டியதைத் தேர்ந்தால் அது வரைபடத்தின் மேல் அதன் இடத்திலேயே வந்து உட்காரும். சிடிஎக்ஸ் கேமராவின் படம் என்றால் ஒரு பிக்சல் 6 மீட்டர். ஹைரைஸ் கேமரா என்றால் 25, 30 சென்டிமீட்டர், ஒரு மேசை அளவுப் பாறை தனியாகத் தெரியும். தெமிஸ் படங்களில் ஆர்சியாவின் சரிவில் ஏழு கறுப்பு ஓட்டை போன்ற குழிகளை 2007-ல் அறிவித்தார்கள், ஒவ்வொன்றும் நூறு மீட்டருக்கும் மேல் அகலம். பகலில் சுற்றியுள்ள தரையை விடக் குளிர்ச்சி, இரவில் அதை விடச் சூடு. அதாவது அடி தெரியாத ஆழம், பூமிக்குள் கிணற்று நீர் போல வெப்பம் பெரிதாக மாறாத இடம். 2010-ல் கலிபோர்னியாவின் காட்டன்வுட் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், இதே பல்கலைக்கழகம் நடத்தும் மாணவர் திட்டத்தில், பவோனிஸில் இன்னொரு குழியைக் கண்டுபிடித்தார்கள். அவர்கள் பார்த்த தெமிஸ் படங்கள் எல்லாம் நமக்கும் இங்கே திறந்தே இருக்கின்றன. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எலிசியம் சமவெளிக்குப் போனால் செர்பரஸ் பிளவுகள் இருக்கின்றன, ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீளமாக, இணையாகக் கீறிவிட்டது போல. 2018 நவம்பரில் இறங்கிய இன்சைட் கலம் நான்கு ஆண்டுகள் நில அதிர்வுகளைப் பதிவு செய்ததில், இடம் தெரிந்தவற்றில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் இருந்தே வந்தன. ஒரு பிளவைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்திருக்கும் ஒரு சாம்பல் திட்டு 50 ஆயிரம் ஆண்டு அளவுக்கு இளமையாக இருக்கலாம் என்று 2021-ல் ஒரு ஆய்வு சொன்னது. கோள்களின் கணக்கில் அது நேற்று. அதே சமவெளியில் உடைந்த தட்டுகள் மிதந்து உறைந்த மாதிரி ஒரு நிலப்பரப்பு உண்டு, 2005-ல் ஒரு குழு அதை உறைந்த பனிக்கடல் என்று வாதிட்டது. ஹைரைஸ் படங்கள் வந்த பிறகு, அந்தப் பகுதிக்கு வந்து சேரும் அதபாஸ்கா பள்ளத்தாக்கு முழுவதும் லாவா பூசியிருப்பது தெரிந்ததும், லாவா என்ற பக்கம் பலமாகிவிட்டது. இரண்டு தரப்பும் பார்த்த இடத்தை அதே நுணுக்கத்தில் நாமும் பார்க்கலாம் என்பதுதான் ஸ்டாம்ப் வசதியின் அருமை.

வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். விண்கல் விழுந்த குழிகளை எண்ணித்தான். ஒரு தரையில் குழி அதிகம் என்றால் அது வெகுகாலம் திறந்து கிடந்திருக்கிறது, குழி குறைவு என்றால் லாவா வந்து மூடி அதிக நாள் ஆகவில்லை. ஜேமார்ஸில் குழி எண்ணுவதற்கென்றே ஒரு லேயர் இருக்கிறது, ஒவ்வொரு குழியின் மேலும் வட்டம் வைத்துக்கொண்டே போனால் பட்டியல் தானாகச் சேரும், அதைக் கோப்பாகவும் எடுத்துக்கொள்ளலாம். ஒலிம்பஸின் சில லாவா ஓட்டங்கள் வெறும் சில கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டவை, மேற்கு ஓரத்தில் 20 லட்சம் ஆண்டு கூட இருக்கலாம் என்று சொல்வதெல்லாம் இப்படி எண்ணி வந்தவைதான். பொறுமை வேண்டும், கண் வலிக்கும், ஆனால் ஒரு சின்னச் சதுரத்தை நாமே எண்ணிப் பார்த்த பிறகு செய்தியில் வரும் "இத்தனை கோடி ஆண்டு" என்பதைப் படிக்கும் விதமே மாறிவிடும்.

நிலாவுக்கு வருவோம். இதுவும் ஜேமார்ஸில் நல்ல செழிப்பான பகுதி, நிலாவைச் சுற்றும் எல்ஆர்ஓ விண்கலத்தின் கேமராவைப் பல ஆண்டுகள் நடத்தியதும் இதே பல்கலைக்கழகம்தான். நாம் கண்ணால் பார்க்கும் கறுப்புத் திட்டுகள் எல்லாம் பசால்ட் லாவா நிரம்பிய பள்ளங்கள். வெளுத்த மேட்டு நிலம் அனார்த்தோசைட் என்ற வேறு பாறை. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் அதே வகைப் பாறையை எடுத்துப் பொடியாக்கித்தான் சந்திரயான்-2 சோதனைகளுக்கு இஸ்ரோ நிலா மண் செய்தது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லையை உயர லேயரில் பின்தொடர்ந்து போங்கள், லாவா ஒரு ஏரியைப் போலக் கரை கட்டி நின்றது தெளிவாகத் தெரியும். மாரியஸ் குன்றுகளில் நூற்றுக்கணக்கான சின்ன மேடுகள், நடுவில் ஜப்பானின் ககுயா விண்கலம் கண்டுபிடித்த, 2009-ல் அறிவித்த குழி. அதைவிட என்னை இழுப்பது ஈனா. அகலம் 3 கிலோமீட்டர்தான் இருக்கும், 1971-ல் அப்பல்லோ 15 எடுத்த படங்களில் கண்ணில் பட்டது. வழவழப்பான மேடுகளும் இடையில் சொரசொரப்பான தரையும் கலந்த விசித்திரமான இடம். குழிகள் மிகக் குறைவு என்பதால் 10 கோடி ஆண்டுக்கும் குறைந்தது என்று 2014-ல் ஒரு குழு சொன்னது, இல்லை, அது நுரை போன்ற லாவா, குழியே சரியாகப் பதியாது, உண்மையில் 350 கோடி ஆண்டு என்று இன்னொரு தரப்பு. இடைப்பட்ட தூரம் எவ்வளவு பெரியது பாருங்கள். சீனாவின் சாங்இ-5 விண்கலம் நிலாவில் இருந்து கொண்டுவந்த கற்கள் 200 கோடி ஆண்டு என்று தெரிந்ததில் இருந்து நிலா சீக்கிரம் அடங்கிவிட்டது என்ற பழைய நம்பிக்கை ஆடிப்போயிருக்கிறது.

புதன் பற்றிச் சுருக்கமாக. மெசஞ்சர் விண்கலம் 2011-ல் இருந்து 2015 வரை அதைச் சுற்றியது. வடக்கே பெரிய லாவா சமவெளிகள், மலையாக எதுவும் எழவில்லை. வெடித்துச் சிதறிய சாம்பல் படிவுகள் மட்டும் பளிச்சென்று தெரியும், அவற்றுக்குப் பல மொழிகளில் பாம்பு என்ற சொல்லையே பெயராக வைத்திருக்கிறார்கள். இடப்பெயர் லேயரைப் போட்டால் நம் மொழியில் இருந்து போன பாம்பு ஃபாக்குலாவும் (ஃபாக்குலா என்றால் பளிச்சிடும் திட்டு) அங்கே இருக்கும்.

வெள்ளியில்தான் இந்த மென்பொருளின் இன்னொரு குணம் தெரிகிறது, எனக்கு அது மிகவும் பிடித்த குணம்: நமக்குத் தெரிந்தது எதுவரை என்பதை அது மறைப்பதில்லை. மெகல்லன் விண்கலம் 1990-ல் இருந்து 1994 வரை ரேடாரால் வெள்ளியின் 98 சதவீதத்தையும் படம் பிடித்தது. அந்த ரேடார் படம் நன்றாகவே இருக்கும், நூறு மீட்டர் அளவுக்கு விவரம் தெரியும். ஆனால் உயரம் அளந்த கருவி 10 கிலோமீட்டர் அளவுக்கு, சில இடங்களில் அதற்கும் மேல் அகலமான தரையை ஒரே புள்ளியாக எடுத்துக்கொண்டது. அதனால் உயர லேயரை ஜூம் செய்தால் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். மாட் மான்ஸின் அந்தப் புகழ்பெற்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஆரஞ்சு வானத்தின் கீழ் செங்குத்தாக நிற்கும் மலை. அதில் உயரத்தைப் பல மடங்கு நீட்டியிருக்கிறார்கள். ஜேமார்ஸில் அதையே 1 என்று வைத்துப் பார்த்தால் 8 கிலோமீட்டர் உயர மலை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில், கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. முப்பது வருஷமாக மக்கள் மனதில் இருக்கும் வெள்ளி வேறு, அளவில் இருக்கும் வெள்ளி வேறு.

ஆனால் படுத்துக் கிடக்கும் அந்த மலைதான் உயிரோடு இருப்பதற்கு நல்ல சாட்சியும் கொடுத்தது. ராபர்ட் ஹெரிக், ஸ்காட் ஹென்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்களும் 1991 பிப்ரவரியிலும் அக்டோபரிலும் மெகல்லன் எடுத்த பழைய படங்களை ஒப்பிட்டு, மாட் மான்ஸின் ஓரத்தில் ஒரு எரிமலை வாய் இரண்டு சதுர கிலோமீட்டரில் இருந்து நான்கு சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பெருத்து உருமாறியிருப்பதை 2023-ல் வெளியிட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் கிடங்கில் கிடந்த தரவில் இருந்து வந்த கண்டுபிடிப்பு. விண்கலம் இரண்டு முறையும் வேறு வேறு பக்கத்தில் இருந்து பார்த்ததால் ஒப்பிடுவதே பெரும்பாடு. அந்த இடத்துக்குப் போய் ரேடார் படத்தை உற்றுப் பார்த்தால் எவ்வளவு கடினமான வேலை என்று புரியும். வெள்ளியிலேயே ஆல்பா ரீஜியோ என்ற மேட்டு நிலத்தின் கிழக்கு ஓரத்தில் தோசை மாதிரி வட்ட வட்டமாக வரிசையாக இருக்கும் மேடுகளையும் பார்த்துவிடுங்கள், ஒவ்வொன்றும் சுமார் 25 கிலோமீட்டர் அகலம், உயரம் ஒரு கிலோமீட்டருக்கும் கீழே. கெட்டியான குழம்பு மெல்லப் பொங்கிப் பரவியது என்று அந்த விகிதமே சொல்கிறது. பாற்கடல் லட்சுமியின் பெயரில் வடக்கே ஒரு பீடபூமியும் உண்டு.

வியாழனின் நிலாவான அயோவுக்கு வந்தால் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும், அது மென்பொருளின் பிழை இல்லை. சூரியக் குடும்பத்தில் எரிமலை அதிகமாகக் கொதிக்கும் இடம் அதுதான், 400-க்கும் மேற்பட்ட எரிமலைகள். ஆனால் அங்கே லேசர் உயரமானி கொண்ட எந்தக் கலமும் சுற்றியதே இல்லை, வாயேஜரும் கலிலியோவும் கடந்து போகும்போது எடுத்த படங்களை ஒட்டிச் செய்த வரைபடம்தான் அடிப்படை. சில இடம் கூர்மையாகவும் சில இடம் புகையாகவும் இருக்கும். கோடு போட்டுச் சரிவு அளக்கும் சந்தோஷம் இங்கே கிடைக்காது. இன்னொன்று, அயோவில் உயரமான மலைகள் எரிமலைகளே அல்ல. பூசாவுலே மலை 17 கிலோமீட்டருக்கும் மேல், அது மேலோடு நெருக்குண்டு உடைந்து தூக்கியது. எரிமலைகள் பெரும்பாலும் பள்ளங்கள். லோகி என்பது 200 கிலோமீட்டர் அகல லாவா ஏரி. எரிமலை என்றதும் மலையைத் தேடும் பழக்கத்தை இந்த ஒரு நிலா உடைத்துவிடுகிறது.

அதற்கு அவ்வளவு சூடு எங்கிருந்து? வியாழனின் இன்னொரு நிலா யூரோப்பா ஒரு சுற்றுச் சுற்றும்போது அயோ இரண்டு சுற்று, அடுத்த நிலா கானிமீட் ஒரு சுற்றுக்கு அயோ நான்கு. இந்த ஒழுங்கினால் அயோவின் பாதை வட்டமாக முடியாமல் நீண்டே இருக்கிறது, வியாழனின் இழுப்பு ஏறி இறங்கி அதன் உள்ளே பிசைந்துகொண்டே இருக்கிறது. இதைக் கணக்குப் போட்டு அயோ உருகியிருக்க வேண்டும் என்று பீல், காசன், ரெனால்ட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை 1979 மார்ச் 2-ல் வெளிவந்தது. ஒரே வாரத்தில் வாயேஜர் 1 படம் ஒன்றில் விளிம்புக்கு வெளியே ஒரு குடை போன்ற புகையை லிண்டா மொராபிட்டோ கண்டுபிடித்தார். கணக்கும் கண்ணும் இவ்வளவு பக்கத்தில் வந்து சந்தித்தது அறிவியலில் அபூர்வம். ஜூனோ விண்கலம் 2023 டிசம்பர் 30 அன்றும் 2024 பிப்ரவரி 3 அன்றும் 1,500 கிலோமீட்டர் தூரத்தில் கடந்து எடுத்த படங்களையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டால் எங்கே என்ன மாறியிருக்கிறது என்று தேடலாம்.

பனிக்கட்டி உலகங்களில் குறுங்கோள் சீரீஸின் அஹுனா மான்ஸுக்கு ஒரு கோடு போடுங்கள். 17 கிலோமீட்டர் அகலம், 4 கிலோமீட்டர் உயரம். இதுவரை சொன்ன எல்லா மலைக்கும் எதிர், இதுதான் உண்மையிலேயே செங்குத்து. உப்பும் சேறும் கலந்த குளிர்ந்த குழம்பு கெட்டியாகப் பிதுங்கி நின்றிருக்கிறது என்கிறார்கள். சனியின் நிலா என்செலடஸின் தெற்கே நான்கு நீளப் பிளவுகள், ஒவ்வொன்றும் 130 கிலோமீட்டர் அளவு, டமாஸ்கஸ், பாக்தாத், கெய்ரோ, அலெக்சாண்டிரியா. 2005-ல் காசினி விண்கலம் பார்த்த நீராவிப் பீச்சல் இவற்றில் இருந்துதான். துருவத்துக்குப் பக்கம் என்பதால் சாதாரண வரைபடத்தில் இழுபட்டு நாராகத் தெரியும், வரைபடத்தின் மையத்தை அந்த இடத்துக்கு மாற்றும் வசதியைப் பயன்படுத்தினால் சரியான உருவம் வரும். இந்த மைய மாற்றம் பலருக்குத் தெரிவதில்லை, துருவப் பகுதி எதைப் பார்த்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். புளூட்டோவில் ரைட் மான்ஸ், 150 கிலோமீட்டர் அகலம், 4 கிலோமீட்டர் உயரம், பனி எரிமலையாக இருக்கலாம்.

குறைகள் என்றால், எல்லாம் ஆங்கிலத்தில்தான், அதுவும் துறைச்சொல் நிறைந்த ஆங்கிலம். எந்த லேயர் எதற்கு என்று புதியவருக்குச் சொல்லும் குறிப்பு போதாது, நூற்றுக்கணக்கான வரைபடங்கள் பட்டியலில் ஒரே மாதிரி பெயரோடு நிற்கும்போது எதை எடுப்பது என்று திகைப்பு வரும். செவ்வாய்க்கு மோலா என்று தேடுங்கள், நிலாவுக்கு லோலா, வெள்ளிக்கு மெகல்லன், அதோடு தொடங்கலாம். வரைபடங்கள் சர்வரில் இருந்து வருவதால் இணையம் எப்போதும் வேண்டும், மெதுவான இணைப்பில் பொறுமையைச் சோதிக்கும். போனில் ஓடாது. முப்பரிமாணக் காட்சி வேலைக்கு ஆகுமே தவிர கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்காது, அழகான பறவைப் பார்வை வேண்டும் என்றால் கூகுள் எர்த் ப்ரோவின் செவ்வாய், நிலா பகுதிகளே சுகம். ஆனால் அதில் வெள்ளி கிடையாது, அயோ கிடையாது, குழி எண்ண முடியாது, தனித்தனி லேயர்களை இவ்வளவு நுணுக்கமாக அடுக்க முடியாது.

சும்மா ஒரு முறை பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். புவியியல், இயற்பியல் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், பள்ளியில் அறிவியல் மன்றம் நடத்தும் ஆசிரியர்கள், தொலைநோக்கி வைத்துக்கொண்டு நிலாவின் கறுப்புத் திட்டுகளைப் பார்த்து அடுத்த கேள்வி வந்தவர்கள், இவர்கள் எல்லோரும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை: வகுப்பில் முதலில் படத்தை மட்டும் காட்டி எரிமலை எங்கே என்று கேளுங்கள், ஆல்பா மான்ஸை ஒருவரும் காட்ட மாட்டார்கள், பிறகு உயர லேயரைப் போடுங்கள். செய்யும் வேலையைச் செஷனாகச் சேமித்து வைக்கலாம், அடுத்த வகுப்பில் விட்ட இடத்தில் இருந்தே தொடரும். விருந்தினராக நுழைந்து பழகியதும் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.